மாதையன் அண்ணன் மெஷினுக்கு ஏன் பொட்டு வைத்தீர்கள்?

பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க அத்தே" என்றான் சிவகுமார், மாதையன் அண்ணனின் மகன். தருமபுரியில் அண்ணன் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அடுத்தது என் தையல் கடை. நடுவில் ஒரு தட்டிதான். அவரிடம் படித்த உங்களில் யாரும் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. படத்திறப்பில் "சாந்தமான மனிதர்" என்று பேசினீர்களே, யாரைப் பேசினீர்கள்?

மூடிப்போன ஒரு மில் ஆபீசிலிருந்து அந்தப் பழைய மின்சார டைப்ரைட்டரை வாங்கி வந்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே கல்லாக இறுகியிருந்தன. ஓர் எழுத்தும் எழும்பவில்லை. பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக மாதக்கணக்கில் சுரண்டினார்.

"சாமி கும்பிடுங்க, வேணான்னா சொல்றேன்? மெஷின் வாயில ஏன் ஊட்டறீங்க?" என்று கத்துவார்.

"ண்ணா, மில்லுக்காரங்க எப்பவோ போயிட்டாங்க. யாரத் திட்டறீங்க?"

"உன்னையுந்தான். உன் தையல் மெஷினப் பாரு, கல்யாணப் பொண்ணாட்டம் பொட்டு!"

மோட்டாரின் ரப்பர் பெல்ட்டும் வெடித்திருந்தது. பெங்களூர்வரை போய், கடைக்குக் கடை சண்டை போட்டு, ஒன்று வாங்கி வந்தார். சுவிட்ச் போட்டதும் மெஷின் மெல்ல உறுமியது. முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார். "தொட்டாப் போதும் தங்கச்சி, மாவாட்டாத." ஐந்தாவதோடு நின்ற நான் இங்கிலீஷில் என் பேத்தி பேரைத் தப்பில்லாமல் அடித்தேன். கர்வமாகத்தான் சொல்கிறேன்.

"ஓடிட்டே இருக்கணும். சும்மா வெச்சா மறுபடியும் இறுகிக்கும்" என்பார்.

படத்திறப்பன்று பார்த்தால், படத்துக்குப் பக்கத்தில் அந்த மெஷின். வழிய வழிய நீங்கள் அப்பிய சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை.

"கண்ணாடிப் பொட்டி செஞ்சு வூட்டுலயே வெச்சுடறோம் அத்தே. இனி யாரும் தொடக்கூடாது" என்றான் சிவகுமார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையைப் பிடுங்கிப் போட்டேன்.

"அத்தே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா. உங்கப்பா இருந்திருந்தா உன்னத் தெருவுல நிறுத்தியிருப்பாரு."

முந்தானையால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. இரண்டு எழுத்துகள் எழும்பவில்லை. சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது.

"நீயே கொண்டு போ" என்றார் அண்ணி. கொண்டுவந்துவிட்டேன். சிவகுமாருக்கு வருத்தம் என்றால் இருக்கட்டும். ஓட்டுவதற்குக் கேட்டால் தருவேன், பெட்டிக்குள் பூட்டத் தரமாட்டேன். காலையில் ஓர் எழுத்து எழும்பியது. இன்னொன்று அசையவில்லை. இந்த மெஷினை விட்டால், அண்ணனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய வசவுதான். உங்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, அவர் திட்டியபடியே திட்டிக்கொண்டு சுரண்டுகிறேன்.