ஜமுனா எழுதிய இரண்டாவது கட்டுரை

லைட்ஹவுஸ் குப்பத்தில், அஜித்குமாரின் பெண்சாதி ஜமுனா எம்.பி.ஏ. படிக்கப் போகிறாளாம் என்ற பேச்சு கிளம்பியபோது, அவளுக்கு இடம் கிடைக்கவில்லையாம் என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிட்டது.

பொன்னேரிப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவள் அவள். நுழைவுத் தேர்வில் நல்ல மார்க்தான். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள்: நீங்கள் முன்னின்று நடத்திய காரியம் ஒன்றைச் சொல்லுங்கள். சென்னையில் ஒரு கோச்சிங் சென்டர்காரர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினாள். அதில் இருந்தது யாரோ ஒரு பெண். இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

மறுவருஷம் திரும்ப லேப்டாப்பைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அஜித்குமார் குழம்புக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா எழுதப் போற?"

"தெரியல மாமா. அப்படி இன்னா பெருசா செஞ்சுட்டேன் நானு?"

"நண்டு வண்டிய எழுதேன்."

ஜமுனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. குப்பத்தை ஒட்டிய ஏரியில் கையால் துழாவி நண்டு பிடிக்கிற பெண்களிடம், உயிரோடு நேரே சென்னை ஓட்டல்களுக்கு அனுப்பலாம் என்று பேசி இணங்க வைத்தவள் அவள். முதல் வண்டியே மீஞ்சூர் தாண்டி உச்சி வெயிலில் நின்றுவிட்டது. பாதிக்கு மேல் நண்டு செத்துப்போயிற்று.

"அது நான் தோத்த கதை. அதப் போயி எழுதுவாங்களா?"

"மறுநாள் நீ தனியாப் போயி அவங்க முன்னால நின்ன. காந்தாக்கா மண்ண வாரித் தூத்திச்சு. நீ அங்கேயே நின்ன. நானா இருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்."

இத்தனை நாளில் அவன் இதைச் சொன்னதில்லை. ஜமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியது, வெயில் ஏறும் முன்னே ஈரச் சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தது, காந்தா கடைசி ஆளாகத் திரும்பி வந்தது, எல்லாம் எழுதினாள். போன தடவை 'நல்ல உழைப்பாளி' என்று மட்டும் சிபாரிசு எழுதிய மேனேஜர் திருவேங்கடத்திடம், இந்த நண்டு விஷயத்தை எழுதச் சொல்லிக் கேட்டாள். "நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிம்மா" என்று சலித்துக்கொண்டே விவரமாக எழுதிக் கொடுத்தார்.

இன்டர்வியூ வீட்டிலிருந்தே, வீடியோவில். குடும்பத்தை விட்டு இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள்.

"கஷ்டம்தான் சார்" என்றாள். "இந்த இன்டர்வியூவுக்கு சத்தம் வரக் கூடாதுன்னு, வெளியில போட் இன்ஜின ரிப்பேர் பண்றவங்கள இப்ப கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி வச்சிருக்கார் என் வீட்டுக்காரர். அவர் இருக்கிற தைரியத்துலதான் வரேன்."

இடம் கிடைத்தது. குப்பம் பூராவும் சொல்லிவிட்டு வந்த அஜித்குமார், சாயங்காலம் படகோரமாய்த் தனியே உட்கார்ந்திருந்தான். ஜமுனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு ரெட்டை சடை போட எனக்கு வராதே."

மறுநாள் காலை மகள் வைஷ்ணவியை அவன் முன்னால் உட்கார வைத்தாள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே என்று வந்தது. கண்ணாடியில் பார்த்த வைஷ்ணவி, "நல்லாத்தான் கீது நைனா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.