இல்லையென்று சொல்லாத நாற்பத்தாறு நாள்

முப்பத்தொரு வருடம் தீவுப்பகுதியில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கலியாணம் பேசிக் கொடுக்கிறேன். சிரிக்க வேண்டாம். எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது, எந்த வீட்டுக்கு வருவது திடீரென்று நின்றது, யாருக்கு நீதிமன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது என்றெல்லாம் தெரிந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன? கடிதத்தை நான் ஒருநாளும் உடைத்துப் பார்த்தவனல்ல. உறையைப் பார்த்தாலே போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேப்பர் பார்க்கத் தபால் கந்தோருக்குத்தான் போகிறேன். அங்கேதான் இளையதம்பிக்கு வந்த முதல் உறையைக் கண்டேன். தடித்த மஞ்சள் உறை. நாலு மூலையிலும் சிவப்பு அரக்கு. அனுப்பியவர் பெயர் 'குபேர விருட்ச இரகசிய வித்தியாபீடம்'. விலாசம் வெறும் தபால் பெட்டி இலக்கம். தபால் பெட்டிக்குள் குடியிருக்கிற எந்த மனிதனும் பிறருக்கு நன்மை செய்ததை என் சேவைக் காலத்தில் நான் காணவில்லை.

இளையதம்பி சரவணை ஊர்க்காரர். அறுபத்திரண்டு வயது. பதினாலு வயதில் குருநாகலில் பெரியப்பாவின் பலசரக்குக் கடைக்குப் போனவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபோது கட்டிய சாரத்தோடும் கடைச் சாவியோடும் ஊர் வந்து சேர்ந்தார். பிறகு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, புகையிலை வைத்து, அதில் பாதியைப் பூச்சிக்குக் கொடுத்து, மிச்சத்தில் குடும்பம் நடத்தினார். நல்ல மனிதர். அதுதான் அவரோடு பெரிய கரைச்சல். கெட்டவனென்றால் நாலு பேச்சுப் பேசிவிட்டு விலகலாம்.

மனைவி நாகபூசணி. ஒரே மகள் சிவரூபி, பிரதேச செயலகத்தில் உத்தியோகம், வயது முப்பத்தொன்று. ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் காரைநகர்ப் பெடியன் சிவகரனைச் சந்தித்திருக்கிறாள். கணித ஆசிரியர். இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று. பெடியனின் தகப்பன் ஐயாத்துரை, "விருப்பமெண்டா விருப்பம்தான், ஆனா முறைப்படி பேசித்தான் செய்யோணும்" என்று சொல்ல, முறைப்படி பேசுகிற ஆளாக நான் வந்து சேர்ந்தேன். சாதகமும் பொருந்தியது. இனி என்ன, சீதனம் பேசி முடித்தால் தாலிக்குப் பொன் உருக்க வேண்டியதுதான்.

சீதனம் என்றதும்தான் இளையதம்பி படுத்துவிட்டார். கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது குடியிருக்கிற வீடும் நாகபூசணியின் நகை கொஞ்சமும்தான். அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. செல்வத்தின் இரகசியம், பன்னிரண்டு பாடம், தபாலில் மட்டும். இணையத்தில் போட்டால் இரகசியத்தின் சக்தி ஆவியாகிவிடுமாம். பாடத்தை மனைவிக்குக் காட்டினாலும் ஆவியாகுமாம். மனுசன் புகையிலை விற்ற காசை எடுத்துக் கட்டிவிட்டார்.

முதலாம் பாடம் வடக்குப் பார்த்திருந்து வெறும் மணிப்பேர்சைக் கும்பிடச் சொன்னது. இரண்டாம் பாடம், மனதுக்குப் பிடித்த மாளிகைக்கு முன்னால் நின்று 'இது என்னுடையது' என்று ஏழு நாள் சொல்லச் சொன்னது. மண்கும்பானில் கனடாக்காரர் ஒருவரின் மாடிவீடு பூட்டிக் கிடக்கிறது. இளையதம்பி ஏழு காலை சைக்கிளில் போய் அதன் கேற்றுக்கு முன்னால் நின்று முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் காவல்காரன், "என்ன அண்ணை, ஆரைத் தேடுறியள்?" என்று கேட்க, "என்ரை வீட்டைப் பாக்க வந்தனான்" என்றிருக்கிறார். அவன் உடனே கனடாவுக்குப் போன் அடித்துக் காணிப் பிரச்சினை கிளம்பிவிட்டது என்று சொன்னான். அதைத் தீர்த்து வைக்க நான் இரண்டு நாள் அலைந்தேன்.

இதெல்லாம் சும்மா. உயிரெடுத்தது ஐந்தாம் பாடம். 'இல்லை', 'ஏலாது', 'தெரியாது', 'வேண்டாம்' என்ற நாலு சொல்லும் நாற்பத்தெட்டு நாளைக்கு வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழுதாக முடித்தால் நாற்பத்தெட்டாம் நாள் செல்வம் தானாக வாசலுக்கு வரும். இளையதம்பிக்கு இது மனதில் அப்படியே பதிந்துவிட்டது. கடையில் பெரியப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதானே. சீனி முடிந்தாலும் இல்லையென்று சொல்லாதே, நாளைக்கு வருமென்று சொல்.

நாகபூசணி இரண்டாம் நாளே ஏதோ பிழையென்று கண்டுகொண்டாள்.

"இஞ்சருங்கோ, தேங்காய் இருக்கோ?"

"தேங்காய் வந்துகொண்டிருக்கு."

"எங்கையிருந்து வருது?"

"வாற இடத்திலையிருந்து வருது."

அவள் சந்தேகப்பட்டு இரவுச் சாப்பாட்டில் பிட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வேண்டாமென்று சொல்ல வழியில்லாத மனுசன் நாலாம் முறையும் தின்றார். பிறகு கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டு அப்புத்துரை தண்ணி இறைக்கிற மெசினை இரவல் கேட்டான், கொடுத்தார். ஏணியைக் கேட்டான், கொடுத்தார். ஒரு கிழமையில் ஊருக்கே விசயம் பிடிபட்டு, வளவில் மண்வெட்டிகூட மிஞ்சவில்லை. புகையிலைக்கு அவர் வாளியால் தண்ணி ஊற்றினார். எனக்கு அப்போது இந்த நாலு சொல் விரதம் தெரியாது. தெரிந்திருந்தால் ஐயாத்துரை குடும்பத்தை அந்தப் பக்கமே கூட்டி வந்திருக்கமாட்டேன்.

விரதத்தின் முப்பத்தொன்பதாம் நாள் அவர்கள் வந்தார்கள். ஐயாத்துரை, மனைவி இலட்சுமிப்பிள்ளை, நடுவில் நான். தேத்தண்ணி, வடை எல்லாம் ஒழுங்கு.

சீதனப் பேச்சுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஆகாயத்தைக் கேட்பார்கள். பெண் வீட்டார் நெஞ்சில் கை வைத்து, ஐயோ ஏலாது என்பார்கள். தரகன் கோபித்துக்கொண்டு எழும்புவான். யாராவது பிடித்து இருத்துவார்கள். கடைசியில் எல்லாரும் முதலே மனதில் வைத்திருந்த இடத்தில் வந்து நிற்பார்கள். அது எல்லாருக்கும் தெரியும். இந்த வீடும் நகையும் போதுமென்று ஐயாத்துரை என்னிடம் ஏற்கெனவே காதோடு காதாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் முறை முறைதானே.

ஐயாத்துரை தொண்டையைச் செருமினார். "யாழ்ப்பாண ரவுணுக்குள்ளை ஒரு வீடு எதிர்பாக்கிறம்."

"ஓம்" என்றார் இளையதம்பி.

ஐயாத்துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஓடு நாலு உடைந்து தறப்பாள் கட்டியிருந்தது.

"பெடியன் பள்ளிக்கூடம் போய்வர ஒரு காரும்…"

"ஓம்."

"டொனேசனாயும் கொஞ்சம் காசு…" ஐயாத்துரையின் குரல் இறங்கிவிட்டது. மனுசன் பயந்துபோனார். அறுபத்தைந்து வருடத்தில் அவர் கேட்டதற்கெல்லாம் ஓமென்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"அதுவும் வந்துகொண்டிருக்கு" என்றார் இளையதம்பி.

இலட்சுமிப்பிள்ளை வடையைத் தட்டில் வைத்தாள். ஒரு தகப்பன் பேரம் பேசாமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிறானென்றால் பெண்ணில் ஏதோ மறைக்கிறான் என்றுதான் இங்கே அர்த்தம். அவள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

எந்தத் தகப்பனும் தூக்கத்தில்கூட இல்லையென்று சொல்லியிருப்பான். இளையதம்பியின் வாய் திறந்தது. மூடியது. பிறகு மெல்லச் சொன்னார்: "எல்லாம் நிறைவா இருக்கு."

"முந்தி எங்கையும் பேசி, குழம்பினது…?"

"எல்லாம் நிறைவா இருக்கு தங்கச்சி."

அவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

மூன்றாம் நாள் ஐயாத்துரை எனக்குப் போன் அடித்தார். "போஸ்மாஸ்ரர், உள்ளதைச் சொல்லும். பிள்ளைக்கு என்ன? வலிப்போ? பெடியன் ஒண்டுமில்லையெண்டுறான். அவன் மயங்கிக் கிடக்கிறான், அவன்ரை கதையை எப்பிடி நம்பிறது? எங்களுக்குச் சரிவராது. ஞாயிற்றுக்கிழமை வேறை இடத்திலை பொம்பிளை பாக்கப் போறம்." நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தரகன் பேச்சை யார் நம்புவது? அந்தக் கதை காரைநகரிலிருந்து பாதை என்கிற மிதவையில் ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிச் சரவணைக்கும் வந்துவிட்டது. சந்தையில் நாகபூசணியிடம் ஒருத்தி, பிள்ளைக்கு இப்ப எப்படி, மருந்து எடுக்கிறாவோ என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் இளையதம்பி வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் உச்சந்தலையில் நின்றது. சிவரூபி கந்தோரால் வந்து அலுமாரிக்கு முன்னால் நின்றாள். கையில் அந்த மஞ்சள் உறை. ஐந்தாம் பாடத்தை வாசித்து முடித்து என்னிடமும் காட்டினாள். நாலு சொல் விரதம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா, எனக்கு வலிப்பெண்டு ஊர் சொல்லுது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவையள் நம்பியிருப்பினம். எனக்கு அவரை விருப்பம் அப்பா. வேறை ஒருத்தரும் எனக்கு வேண்டாம்."

இளையதம்பி கதிரையின் விளிம்பில் இருந்தார். "இன்னும் ரண்டே ரண்டு நாள் பிள்ளை. நாற்பத்தாறு முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வந்திடும். பிறகு நானே போய் ரவுணிலை வீடு…"

"ஞாயிற்றுக்கிழமை அவையள் வேறை பொம்பிளை பாக்கப் போகினம்."

நான் பொறுக்கமுடியாமல் கத்தினேன். "இளையதம்பி, நீர் மனுசனோ, கல்லோ? முப்பத்தொரு வருசம் இந்த அரக்கு முத்திரையைப் பாத்தவன் சொல்லுறன், அதுக்குள்ளை இருந்து ஒருத்தனுக்கும் அஞ்சு சதம் வந்ததைக் காணயில்லை." அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உறையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"போஸ்மாஸ்ரர்," என்றார் கடைசியில், "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாறீரோ?"

நாற்பத்தேழாம் நாள் காலை பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பாதையில் ஏறினோம். காரைநகருக்குக் கடலைக் கடக்கிற அந்தத் தட்டையான மிதவையில் இரண்டு ஓட்டோவும் மீன்பெட்டிகளும் நாங்களும். இளையதம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகுகிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாற்பத்தாறு நாள் அடக்கி வைத்தது, சத்தமாக வருமோ வராதோ என்று பயந்திருக்கிறார்.

ஐயாத்துரை வீட்டு முற்றத்தில் கதிரை போட்டார்கள். ஐயாத்துரை அதில் இருக்கவில்லை, நின்றார். சிவகரனும் வெளியே வந்து நின்றான். இளையதம்பி சால்வையை இடுப்பில் கட்டினார்.

"ரவுணிலை எனக்கு வீடு இல்லை" என்றார். அந்தச் சொல் சத்தமாகவே வந்தது. "காரும் இல்லை. டொனேசன் தர என்னாலை ஏலாது. என்ரை பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. முந்திப் பேசிக் குழம்பின கலியாணமும் இல்லை. அவளின்ரை அப்பனுக்குத்தான் மூளை இல்லை. எங்கடை வீட்டிலை உள்ள குறை அது ஒண்டுதான்."

பிறகு உறை, பாடம், விரதம் எல்லாவற்றையும் சொன்னார். இரகசியம் அவ்வளவும் ஆவியாகிக் காரைநகர்க் காற்றில் போயிற்று.

ஐயாத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மூளைக் குறை பரம்பரையோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் இளையதம்பி உடனே. "நானாக் காசு கட்டி வாங்கினது."

இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினாள். ஐயாத்துரை கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டார். "அப்ப, இருக்கிற வீட்டோடை பின்வளவையும் சேர்த்துத் தாறது?"

"பின்வளவிலை புகையிலை நிக்குது. ஏலாது."

"பாதியெண்டாலும்?"

"ஏலாது எண்டால் ஏலாது."

என் காதுக்கு அது தேனாக இருந்தது. நான் முறைப்படி கோபித்துக்கொண்டு எழும்பினேன். சிவகரன் என்னைப் பிடித்து இருத்தினான். அரைமணி நேரத்தில் வீடும் நகையும் என்று முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது.

பின்னேரம் திரும்பி வந்தபோது சிவரூபி வாசல் படலையடியில் நின்றாள். இளையதம்பி அவளுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார்.

"எல்லாம் சரிவந்திட்டுது பிள்ளை. ஆனா உனக்கு நல்லாக் குடுக்கோணுமெண்டுதான் நான் இவ்வளவும் செய்தனான். கடைசியிலை அந்த முற்றத்திலை நிண்டு, எங்களட்டை ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். உனக்கு வெக்கமாப் போச்சுதோ?"

சிவரூபி அவர் கையைப் பிடித்தாள்.

"அதை நான் அவருக்கு முதல் நாளே சொல்லிப்போட்டன் அப்பா. அதைக் கேட்டுத்தான் அவர் வந்தவர்."

இளையதம்பி படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் காலையில் அங்கே விட்டிருந்த சைக்கிளைத் திருப்பினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.