அத்தை நீட்டிய கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்டோக்களில் வலது பக்கம் டிரைவரின் பொறுப்பு, இடது பக்கம் பின்னால் இருப்பவரின் பொறுப்பு. வலது பக்கம் திரும்பும்போது நான் கையை நீட்டுவேன். இடது பக்கம் என் கை எட்டாது. அதனால் ஏறியவர் நீட்ட வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சிக்னல் விளக்கும் உண்டு. நன்றாகவே எரியும். வருடாந்தப் பரிசோதனையில் எரிந்ததை நானே பார்த்தேன்.

அன்று அத்தையை, அதாவது என் மனைவியின் அம்மாவை, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். டவுனுக்குள் ரோட்டைக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். நான் வலது வரிசையில் போனேன். ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன், அத்தையின் கை வெளியே நீண்டிருந்தது. உடனே இடது வரிசைக்கு மாறினேன். பின்னால் வந்த வேன்காரர் பிரேக்கையும் ஹோர்னையும் ஒன்றாக அடித்தார். கொஞ்சம் தள்ளிப் பொலிஸ்காரர் நின்றிருந்தார்.

சிக்னல் போடாமல் வரிசை மாறியது குற்றம் என்றார் அவர் சிங்களத்தில். போட்டோம், அத்தை போட்டார் என்றேன் நானும் சிங்களத்தில். அவர் அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, என் லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டு எழுதினார்.

தண்டத்தைத் தபால் கந்தோரில் கட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தோட்டத்து அம்புலன்சுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று மனுப் போட்டிருந்தேன். நிரந்தர வேலை. அதன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. வீதிக் குற்றம் ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதியிருந்தேன். தண்டம் கட்டினால் அது பொய்யாகிவிடும். கோர்ட்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அத்தைதான் என் சாட்சி. மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்து அவருக்குச் சொன்னேன்.

"கைய நீட்டுனீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு மட்டும் சொல்லுங்க அத்த."

"நீட்டுனேன்தானே மாப்புள. பொய்யா சொல்லப் போறேன்?"

கூண்டில் ஏறினார். நீதவான் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். ஆமாம், நீட்டினேன் என்று அத்தை கணீரென்று சொன்னார். எனக்கு உயிர் வந்தது. நீதவான் தலையசைத்தார். பிறகு, எதற்காக நீட்டினீர்கள் என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"மழ விட்டுருச்சான்னு பாத்தேங்க ஐயா."

கோர்ட்டே சிரித்தது. பொலிஸ்காரரும் சிரித்தார். இரத்தினபுரியில் இது நியாயமான காரணம்தான் என்றார் நீதவான். ஆனால் பின்னால் இருப்பவர் எதற்காகக் கை நீட்டினாலும் சட்டத்துக்கு அது சிக்னல் ஆகாது, ஓட்டுபவர்தான் போட வேண்டும் என்று சொல்லி, என்னைக் குற்றவாளியாக்கித் தண்டமும் விதித்தார். மொழிபெயர்ப்பாளர் அதற்குள் அடுத்த வழக்கின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸ் வேலை போயிற்று. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அத்தை மேல்தான். வெளியே வரும்போது கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

தீர்ப்பு சிங்களத்தில். அத்தைக்குச் சந்தையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். முகமெல்லாம் பூரிப்பாக என் பக்கம் திரும்பினார்.

"ஜட்ஜ் ஐயாவே சிரிச்சிட்டாரு. இனி ஒங்களுக்கு அந்த வேல கெடச்சிரும்தானே மாப்புள?"

"கெடச்சிரும் அத்த" என்றேன்.