காவல் கூண்டும் மூன்று சில்லு வண்டியும்

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகருக்கு வெளியே ஒரு மணல் குழியில் ஞாயிறுகளில் பழைய வண்டிகளை ஓட்டலாம். அங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். கோடையிலும் கம்பளித் தொப்பி. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. மண்ணில் ஓடும் பழைய மூன்று சில்லு மோட்டார் வண்டியொன்றைத் தானே பழுதுபார்த்து ஓட்டினார். வாசலில் காவலாளியின் கூண்டைக் கண்டால் போதும், ஓடும் வண்டியிலிருந்து இடது காலை நிலத்தில் ஊன்றிவிடுவார். பின்சில்லு அதில் ஏறும். ஒருமுறை எலும்பே முறிந்திருந்தது.

அரசாங்க அலுவலகத்தில் எல்லா நடைமுறையும் தெரிந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருப்பேனா?

“தம்பி, மூண்டு சில்லு விழாது. இறங்கவேணுமெண்டு இங்க சட்டமும் இல்லை.”

“ஓம் அண்ணை, எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது. ஊரில சண்டை நேரம் மோட்டச்சைக்கிளில போகேக்க ஆமிச் சென்றிக் காவல் கூண்டைக் கண்டா இறங்கி உருட்டவேணும். இல்லாட்டிச் சுடுவாங்கள்.”

“இப்ப அங்கயே சமாதானமெல்லோ?”

“அதையும் காலுக்கு நீங்களே சொல்லுங்கோ. இன்னொருக்கா முறிஞ்சா வீட்டில மனிசி வண்டியை வித்துப்போடுவா.”

அடுத்த ஞாயிறு அவர் கூண்டுக்கு வெகு முன்பே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு போனார். காலும் தப்பியது, வண்டியும் தப்பியது. ஜெர்மன் காவலாளி அதைத் தனக்கான மரியாதை என்று எண்ணி, எழுந்து நின்று தொப்பியைத் தொட்டார். அவருக்கு எப்படி விளக்குவது என்ற நடைமுறை மட்டும் எனக்குத் தெரியவில்லை.