மூன்று கோப்பையும் ஒரு கோல்கீப்பரும்

முசே இறந்த அன்று காலை, மில் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய உடம்பின் மேல் அணியின் நீலச் சட்டையைப் போர்த்துவதா வேண்டாமா என்பதுதான் சண்டை.

எங்கள் மில் கால்பந்து அணிக்கு அவர் மேனேஜராக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தமிழர் என்பதால், 'ஐயா' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் ஊரே அவரை முசே என்று கூப்பிட்டது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குவதற்கு முன்பே அணியை எடுத்துக்கொண்டார். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் நிழலான வேலை வாங்கிக் கொடுப்பார். ஆட்டம் போய்விட்டால் அந்த வேலையும் போய்விடும். அவர் காலத்தில் மூன்று கோப்பை வந்தது. மூன்றாவது கோப்பையோடு அவரும் போனார்.

அந்த இறுதி ஆட்டம் கொடி மாறி இரண்டாம் வருடம் நடந்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு, கடலூர்க்காரன் ஒருவனின் முழங்கால் எங்கள் கோல்கீப்பரின் பொட்டில் இடித்தது. கீழே விழுந்தவன் தானாகவே எழுந்துவிட்டான். அந்தக் காலத்தில் ஒருவன் வெளியே போனால் பதில் ஆள் இறங்க முடியாது. பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். அவன் கடைசிவரை நின்றான், நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம். மறுநாள் காலை அவனை எழுப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். இருபத்தாறு வயது. என் தெருக்காரன்.

ஊர் முழுக்க முசேயைத்தான் சொன்னது. அடிபட்டவனை விரட்டி ஆட வைத்தார் என்றார்கள். மில் அவரை அணியிலிருந்து நீக்கியது. பிறகு ஐந்து வருடம் அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. வந்தாலும் யாரும் நின்று பேசுவதில்லை.

டீக்கடையில் ஆபீஸ் குமாஸ்தா தன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். ஆட்டம் ஆட்டமாக எழுதி வைப்பவர் அவர்.

"அவருக்கு முன்னால ஒரு கோப்பை உண்டா? பின்னால உண்டா? எழுதினத அழிக்க முடியுமாப்பா?"

"செத்தவன எந்தப் பக்கத்துல எழுதினே?" என்று கேட்டான் லெப்ட் பேக். அவன் முசேயிடம் நான்கு வருடம் ஆடியவன். "முட்டி வீங்கியிருக்குன்னு ஒரே ஒரு மேட்சு ஒக்காந்தேன். அப்புறம் என்னைக் கூப்ட்டாரா? தறிக்கே திரும்பிப் போனேன்."

"அது வேற விசயம்."

"அதுதான்யா விசயம்."

கடைசியில் லெப்ட் பேக், கோல்கீப்பரின் மனைவியைக் கேட்டுவிடலாம், அவள் சரி என்றால் தானும் சரி என்று சொன்னான். ஒரே தெரு என்பதால் என்னை அனுப்பினார்கள்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்த பிறகு மில்லில் நூல் சுற்றும் வேலை கிடைத்திருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

"போர்த்துங்க. என்னை எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். வாசல்வரை வந்தவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. முடியலன்னு இவரு அன்னிக்கு யாருகிட்டயாவது சொன்னாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மான்னு அந்த முசே இங்க நின்னு அழுதாரு. நான் நம்பல. தூன்னு துப்பி அனுப்பினேன்."

அன்று நான் அணிக்குத் தண்ணீர் கொடுக்கிறவனாகக் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இடைவேளையில் முடியுமா என்று முசே அவனைக் கேட்டதும் காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல முசே, ஆடுறேன்" என்று அவன் சொன்னதும் விழுந்தது. இரண்டாம் பாதியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுத்தேன். "அண்ணே, பந்து ரெண்டாத் தெரியுது" என்றான். முசே கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. "இன்னும் பத்து நிமிசம்தான்டா, நில்லு" என்றேன். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது.

இதை அவளிடம் சொன்னேன். ஐந்து வருடமாக என் வீட்டில்கூடச் சொல்லாததை அந்த வாசலில் நின்று சொன்னேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த சோற்றுத் தூக்கைத் தரையில் வைத்தாள். "அப்போ அந்த ஆளு நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு, "போங்க" என்றாள். மில் சங்கு ஊதியது. அவள் அன்று வேலைக்குப் போகவில்லை.

டீக்கடைக்கு வந்து, அவள் போர்த்தச் சொன்னதையும் நான் அவளிடம் சொன்னதையும் அவர்களிடம் சொன்னேன். குமாஸ்தா நோட்டை மூடினார். "அஞ்சு வருசமாவா?" என்றார். லெப்ட் பேக் என் பக்கம் திரும்பினான்.

"நீ செஞ்சது பாவம். ஆனா அவன் ஏன் உங்கிட்ட சொன்னான், அவருகிட்ட சொல்லல? சொன்னா என் கதிதான்னு அவனுக்குத் தெரியும். அதுக்கு அவருதான் பொறுப்பு."

பிறகு அவனே மில்லுக்குப் போய்ச் சட்டையை எடுத்து வந்து, முசே வீட்டில் அவர் உடம்பின் மேல் போர்த்தினான். மடிப்பில் பூச்சி அரித்திருந்தது. முசேயின் மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். கல்லறைக்குப் போகும்போது பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்னால் போனேன். குமாஸ்தா என் கையை மெல்ல விலக்கிவிட்டார். கூட்டத்தின் கடைசியில் நடந்தேன்.

கோல்கீப்பரின் மனைவி அங்கே வந்திருந்தாள். மண் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரே தெருவில் பல வருடம் இருந்தோம். நான் எதிரே வந்தால் அவள் மறுபக்கம் போய்விடுவாள். அதில் எனக்கு வருத்தம் சொல்ல உரிமை இல்லை.