சாம்பலில் வைத்த கை

எங்கள் பள்ளத்தாக்கில் இத்வால் என்ற பெயரில் நாலு பேர். பால் வண்டி ஓட்டுகிறவர் பால் இத்வால். தேவாலயத்தில் முதல் குரல் எடுப்பவர் பாட்டு இத்வால். எந்தக் காலத்திலோ ஒரு தடவை லண்டன் போய்வந்த பாவத்துக்கு ஒருவர் லண்டன் இத்வால். அதற்கப்புறம் மனிதர் சந்தையைத் தாண்டிப் போகவில்லை, இன்னும் லண்டன்தான். நம்ம ஆள் நெருப்பு இத்வால். பெயரைக் கேட்டு முன்கோபி என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா டிலிஸ் கத்த ஆரம்பித்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பட்டிக்கு நழுவிவிடுகிற சாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் அவரும், மோட் என்கிற நாயும், மலையில் ஆடுகளும். அவ்வளவுதான் குடும்பம்.

நெருப்பு என்ற பெயர் மலையால் வந்தது. மோயல் கிரிகோக் என்கிற அந்த மலை முழுக்க ஹெதர் என்ற குட்டைப் புதர். ஆகஸ்டில் மலை ஊதாவாகப் பூக்கும்போது படம் எடுக்க ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். மற்ற மாதங்களில் அது கறுத்த முரட்டுப் புதர். பார்க்க இருப்பது ஆடும் காக்கையும் நாங்களும்தான். புதர் முற்றிக் கட்டையாகிவிட்டால் ஆடு வாய் வைக்காது. காட்டுக்கோழிக் குஞ்சுக்கும் கொத்தத் துளிர் இருக்காது. அதனால் குளிர்காலம் முடிகிற சமயம் பட்டை பட்டையாகக் கொளுத்துவோம். தூரத்திலிருந்து பார்த்தால் கத்தரி பிடிக்கத் தெரியாதவன் கை வைத்த தலை மாதிரி இருக்கும், ஆனால் அடுத்த வருஷம் அங்கேதான் பச்சை வரும். மார்ச்சோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு மலை பறவைகளுக்கு.

கொளுத்த எல்லோருக்கும் தெரியும். அணைந்துவிட்டதா என்று சொல்லத்தான் இத்வால் வேண்டும். கடைசியில் அவர் வலது கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையைச் சாம்பலில் அழுத்திக்கொண்டே பட்டை நெடுக நடப்பார். சுட்டால் அங்கே மறுபடி மண்வெட்டி, தண்ணீர். சுடாவிட்டால், "ஆறிப்போச்சு" என்பார். அந்தச் சொல் வராமல் ஒருத்தரும் மலையை விட்டு இறங்கக் கூடாது. இத்வால் அந்தச் சொல்லைச் சொல்லி ஒரு தீயும் திரும்ப எழுந்ததில்லை.

அந்த ஜனவரியில் ஒரு காலை, வைக்கோல் கட்டைத் தூக்கப்போன அவருடைய வலது கை தொப்பென்று விழுந்தது. வாயும் ஒரு பக்கம் இழுத்தது. பட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மோட் முகத்தை நக்கிக்கொண்டிருக்க, அப்படியே கிடந்தார். கொஞ்ச நேரத்தில் வாய் நேரானது, கையும் எழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா டாக்டரிடம் இழுத்துப் போவாள், டாக்டர் மலையேறும் நாலு சக்கர பைக்கின் சாவியைப் பிடுங்குவார், வண்டி இல்லாமல் மலை ஏது? கை முன்போலவே கட்டைத் தூக்கியது. போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டார்.

குளிர்காலம் முழுக்க மழை சரியாக இல்லை. மார்ச் கடைசியில், பக்கத்துப் பண்ணைக் கெரைன்ட்டும் டிலிஸும் கூட வர, மேற்கு முகத்தில் ஒரு பட்டையைக் கொளுத்தினார். அதன் கோடியில் பழைய கரிமண் பள்ளம். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மண்ணையே கட்டிகட்டியாக வெட்டி எடுத்துக் காயவைத்து எரித்த இடம். நுனியில் ரப்பர் பட்டை அடித்த கம்பால் கெரைன்ட் ஓரங்களை அடித்து அடித்து அணைத்தான். கடைசியில் இத்வால் கையுறையைக் கழற்றினார்.

"சீக்கிரம் அண்ணே, வயிறு கத்துது," என்றான் கெரைன்ட்.

"உன் வயிறு என்னிக்குடா கத்தாம இருந்துச்சு?" என்றாள் டிலிஸ். "உன் கல்யாணத்தன்னிக்கே பாதிரியார் பேசுறது கேக்கல."

இத்வால் குனிந்து சாம்பலில் கையை வைத்தபடி நடந்தார். ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தின் விளிம்பு வரை போனார். ஒன்றும் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஆறிப்போச்சு," என்றார். இறங்கினார்கள். கறிச் சூப்பும் ரொட்டியும் காத்திருந்தன.

மறுநாள் காலை சட்டைப் பொத்தான் போடும்போதுதான் பார்த்தார். உள்ளங்கையில் அகலமாக ஒரு கொப்புளம், தண்ணீர் கோத்துப் பளபளவென்று. அழுத்தினார். வலிக்கவில்லை. அந்தக் கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடக் கடவுளே, இது என் கையே இல்லையே என்று நினைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தார்.

பள்ளத்தின் விளிம்பில், தரையிலிருந்து நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. மேலே தீ இல்லை. தீ கீழே போயிருந்தது.

கரிமண்ணில் இறங்கிய தீயைப் பற்றி என்ன சொல்ல? சுடர் கிடையாது, சத்தம் கிடையாது. காய்ந்த மண்ணைத் தின்றுகொண்டே அடியில் ஊர்ந்து போகும், நினைத்த இடத்தில் மூச்சு விடும். தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள், குழாய் எட்டவில்லை. தெரிந்த மட்டும் பள்ளம் தோண்டித் தடுத்தோம். ஒரு பக்கம் முழுக்கப் பாறை, கடப்பாரை இறங்கவில்லை. பாறை இடுக்குக் கரிமண் வழியாக அந்தப் பக்கம்தான் தீ திரும்பியது. "இனிமே மழைதாங்க," என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கெரைன்ட்டுக்கு அவரைப் பார்க்க முகமே இல்லை. "உங்க கை சொன்னா சொன்னதுதான் அண்ணே. நான்தான் கோடியில எங்கியோ கோட்டை விட்டுட்டேன். சூப்பு நெனப்புல இருந்தேன்."

"விடு தம்பி," என்றார் இத்வால். கையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சந்தை முழுக்க, "கெரைன்ட் வயித்துக்குத்தான் தீ வெச்சான்" என்று கிண்டலடித்தபோதும் சொல்லியிருக்கலாம். கையை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாறைப் பக்கத்துக்கு அப்பால் ஈரச் சரிவு, இந்த வருஷம் அதுவும் காய்ந்து கிடந்தது. அங்கேதான் கர்லூ என்கிற பறவை ஜோடி இறங்கும். அரிவாளாகக் கீழே வளைந்த நீள அலகு, தவிட்டு நிறம். கடற்கரையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்து, சரிவுக்கு மேலே வட்டமிட்டுக் குரலைக் குமிழி குமிழியாக உயர்த்தும். அதைக் கேட்டால்தான் இத்வாலுக்கு வருஷம் பிறந்த மாதிரி. முன்பெல்லாம் மலையின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு ஜோடி இருந்தது. இப்போது இது ஒன்றுதான். இதுவும் போன இரண்டு வருஷம் நரிக்கும் காக்கைக்கும் முட்டையைப் பறிகொடுத்தது. இந்த வருஷமும் பிழைக்கவில்லையென்றால் அப்புறம் திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்?

அங்கே கூடு வைக்காமலிருக்க அவர் விரட்டிப் பார்த்தார். கையைத் தட்டினார், மோட்டை ஏவினார். "போயேன், அந்தாண்ட போயேன், ஊர்ப்பட்ட மலை கெடக்குதே!" பறவை எழும், அழும், சுற்றிவந்து அதே கூட்டுக் குழியில் இறங்கும். ஏப்ரல் நடுவில் பார்த்தால் நாலு முட்டை. பாசி நிறத்தில் பழுப்புப் புள்ளி, கூர்முனையெல்லாம் உள்ளே பார்த்தபடி. இடம் மாற்றினால் தாய் திரும்பிப் பார்க்காது. நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று மண்ணை வெட்டினாலும் பயந்து கைவிட்டுவிடும். என்னதான் செய்வது?

தண்ணீர் சுமந்தார். பால் கேன்களில் நிரப்பி, வண்டி போகிற மட்டும் வண்டியில், அப்புறம் தோளில். புகை வருகிற ஓட்டையில் ஊற்றினால் மண் சீறும், கொஞ்சம் அடங்கும், நாலு அடி தள்ளி இன்னொரு ஓட்டை திறக்கும். பட்டியில் ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. குட்டியைப் புரட்டி எடுக்க உள்ளே கைவிட்டால் காலா தலையா என்று விரலுக்குத் தெரியவில்லை. அந்த வேலையை அக்காவிடம் தள்ளினார்.

"மலையில அப்படி என்னடா இருக்கு? குருவிக்குத் தண்ணி சுமக்குறானாம். இங்க ஒரு ஆடு குட்டி மாட்டிக்கிட்டுக் கத்துது," என்று டிலிஸ் வைதாள். வைதுவிட்டு மறுநாள் அவளும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கெரைன்ட்டும் வந்தான். தன் தப்பென்று நினைத்து அவன் சுமந்தான்.

மேகம் வரும். கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும். அடுத்த பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டு எங்கள் தலைக்கு மேலே வெள்ளையாகப் போகும். இத்வால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். வானம்பாடி பாடிக்கொண்டிருக்கும். கருகிய பட்டையின் மேல் விரியன் ஒன்று சுகமாக வெயில் காயும். யாருக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி மலை அதன்பாட்டில் இருந்தது. அவருக்கு ஆத்திரமாக வந்தது.

மே மாதம், குஞ்சு வெளிவர வேண்டிய வாரம், மூன்று பேரும் கேன்களோடு ஏறியபோது கர்லூ கூட்டில் இல்லை. இரண்டு எட்டு தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தது. உட்காரும், உடனே எழும், கால் மாற்றி நிற்கும், மறுபடி உட்காரும். இவர்கள் கிட்டே போனதும் பறந்து வட்டமிட்டது. கூட்டைச் சுற்றிப் புல் மஞ்சளாகியிருந்தது. புகை இல்லை.

"தொட்டுப் பாருங்கண்ணே," என்றான் கெரைன்ட்.

வழக்கம் இருக்கிறதே, கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற வழக்கம். இத்வால் வலது கையுறையைக் கழற்றி, குனிந்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. முட்டை மேலேயே வைத்தார். ஒன்றும் தெரியவில்லை.

"ஆறிப்போச்சா?" என்றான் கெரைன்ட். குரலில் அவ்வளவு ஆசை.

இத்வால் முட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பல்லால் கடித்து இடது கையுறையை இழுத்தார். அந்தக் கையால் அவர் சாம்பலைத் தொட்டு எங்களில் யாரும் பார்த்ததில்லை. முட்டை மேல் வைத்தார், வெடுக்கென்று எடுத்தார்.

"எதுக்குண்ணே இடது கை?"

இத்வால் வலது கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் ஆறிய இடத்தில் தோல் புதிதாக, வழவழவென்று சிவந்திருந்தது. கெரைன்ட் அதைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். மார்ச்சிலிருந்து தோளில் சுமந்ததை அப்போதுதான் அவன் இறக்கியிருக்க வேண்டும். ஆனால் கோபப்படவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ அண்ணே," என்றான்.

டிலிஸ் தம்பியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள். "இது தெரியுதா?"

"இல்லக்கா."

"எப்ப இருந்துடா?"

அவர் சொன்னார். அவள் திட்டவில்லை, அவள் திட்டாதது அவரை உடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ, ஓடை சாலையைத் தாண்டி ஓடுகிற மழை. வாரம் முழுக்க நிற்கவில்லை. மலையின் மூச்சு அடங்கிப்போயிற்று. தரை குளிர்ந்தது. டாக்டர் சாவியை வாங்கி டிலிஸிடம் கொடுத்துவிட்டார். மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அடம்பிடித்த தம்பியை டிலிஸ் தன் பின்னால் உட்காரவைத்து வண்டியை ஓட்டிப்போனாள்.

ஈரச் சரிவில் கர்லூ உட்கார்ந்திருந்தது. மண் ஆறியதும் திரும்பி வந்திருக்கிறது. இறகைப் பரத்தி, மழைத் தண்ணீர் முதுகில் வழிய, அடியில் அந்த நாலு முட்டையும் நனையாமல் கவிந்து கிடந்தது. வெந்துபோன முட்டை. ஆண் பறவை பாறை மேல் காவல் நின்றது. எந்த நேரமும் குஞ்சு வந்துவிடும் என்பது போலத் தாய் நடுநடுவே எழுந்து, அலகால் முட்டைகளை மெல்லப் புரட்டிவிட்டு, மறுபடி அமர்ந்தது.

இரண்டு பேரும் மழையில் நின்றார்கள். இத்வால் வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் தொங்கவிட்டார்.

"போலாம்க்கா," என்றார்.

டிலிஸ் நகரவில்லை. "யாராவது அதுகிட்ட சொல்லுங்களேன்டா," என்றாள்.