கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு போட்டோ

போன சனிக்கிழமை கார்ல்ஸ்ரூஹேயில், ஒரு அரசுப் பல்கலைக்கழக வாசலில் நின்றபடி என் கணவரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தேன். மியூனிக்கிலிருந்து சேர்ந்து வந்தவர்கள், இங்கே ஆளுக்கொரு டிராமில் ஏறிவிட்டோம். தப்பு அவருடையதுதான்!

தமிழில் திட்டுவதில் ஒரு லாபம் உண்டு... தமிழர்கள் கிடைப்பார்கள்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? பின்னாடி யுனிவர்சிட்டி பேரு தெளிவா விழணும்."

சின்னப் பையன். இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் பை. பெயர் விக்னேஷ், ஊர் அருப்புக்கோட்டை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றான். "கொஞ்சம் சிரிங்க தம்பி, காசா பணமா?" என்று அதட்டினேன். சிரித்தான். நாலைந்து எடுத்தேன்.

போனை வாங்கி எதையோ தட்டிவிட்டு, பையைத் திறந்தான். புத்தகம் ஒன்றுகூட இல்லை. பார்சல் கம்பெனி ஜாக்கெட்டை எடுத்து, சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டான்.

"எந்த செமஸ்டர்?"

"இப்ப படிக்கலைக்கா. ஃபீஸ் கட்ட முடியல. பேரை எடுத்துட்டாங்க."

ஜெர்மனியில் படிப்பு இலவசம் — நம் ஊரில் இதைக் கேள்விப்படாதவர் உண்டா? பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இந்த மாநிலத்தில், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டணம் கட்டவேண்டும். இவனுக்கு முதல் வருடம் மட்டும் ஒரு சின்ன உதவித்தொகை கிடைத்திருக்கிறது. அப்பா அதை முழு ஸ்காலர்ஷிப் என்று நினைத்து, ஊரைக் கூட்டி பிரியாணி போட்டுவிட்டார். 'இலவசம்' என்று காதில் விழுந்ததும் மீதி வாக்கியத்தைக் கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

"ஃபீஸ் இல்லாத மாநிலமாப் பார்த்துப் போயிருக்கலாமே?"

"இங்க ஊர்க்கார அண்ணன் ஒருத்தர் இருந்தாருக்கா. சாப்பாட்டுக்குப் பிரச்னை இல்லைன்னு அப்பா சொன்னாரு."

அந்த அண்ணன், இவன் வந்த ரெண்டாம் மாதமே வேலை மாறிப் போய்விட்டார். இவன் ராத்திரி பார்சல் தூக்கினான், பகலில் வகுப்பில் தூங்கினான், பரீட்சையில் கோட்டை விட்டான். வேறு மாநிலங்களுக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை.

"சரி, போட்டோ யாருக்கு?"

"அப்பாவுக்கு. தங்கச்சியையும் இங்கயே அனுப்பப் போறாரு. மிச்சம் இருக்குறது ரெண்டு ஏக்கர் காடுதான். திங்கக்கிழமை அடமானம் வைக்கிறாரு. கடன் கொடுக்கிறவரு, 'மொதல்ல உன் பையன் நெசமாவே அங்க படிக்கிறானா'ன்னு கேட்டாராம்."

"டேய், அனுப்பித் தொலைக்காதே! அப்பாகிட்ட உண்மையைச் சொல்லு. நான் வேணா பேசறேன்." முன்பின் தெரியாத பையனை டேய் போட்டுவிட்டேன்.

"ஊரெல்லாம் பெருமையாச் சொல்லி வச்சிருக்காருக்கா. எப்படிச் சொல்றது?" தலையைக் குனிந்துகொண்டான். "அதோட... அப்பவே அனுப்பிட்டேன்."

போன் சிணுங்கியது. அப்பாவின் வாய்ஸ் மெசேஜ். என் முன்னாலேயே போட்டான்.

"போட்டோ அருமையா இருக்குய்யா! முகத்துல என்னா ஒரு சிரிப்பு... கடன் கொடுக்கிறவரு பக்கத்துலதான் இருந்தாரு, அதைப் பார்த்ததும் பணத்துக்குச் சரின்னுட்டாரு."

விக்னேஷ் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று டிராமைப் பிடிக்க ஓடினான். என் நம்பரை வாங்கிக்கொண்டுதான் போனான். திங்கட்கிழமையும் போய்விட்டது. வீட்டில் சொன்னானா? காடு தப்பித்ததா? தெரியவில்லை. அவன் இன்னும் கூப்பிடவில்லை.

சிரிக்கச் சொன்னது நான்தான்.